21-19, 21-17: இயோ ஜியா மின்னின் ஒரு தோல்வி

இயோ ஜியா மின் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது என்று சிங்கப்பூரில் பூப்பந்து பார்ப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் 2019 பாஸல் என்பார்கள். சுவிட்சர்லாந்தில் நடந்த உலகப் போட்டி. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஜப்பானின் அகானே யமாகுச்சியை 21-14, 21-18 என்று இரண்டே செட்டில் வீட்டுக்கு அனுப்பினார் இயோ. வயது இருபது. அந்தத் தேர்வோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வேன். 2022 ஆகஸ்ட் 7, பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகள், மகளிர் ஒற்றையர் அரையிறுதி. எதிரில் பி.வி. சிந்து. இயோ அதில் தோற்றார்.

தோற்ற ஆட்டத்தைச் சிறந்த ஆட்டம் என்றால் இரக்கத்தில் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "பாவம், நல்லா போராடினாங்க" என்கிற வகை. நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஒரு எழுத்தாளரின் பத்துக் கதைகளைப் படித்துவிட்டு, பரிசு வாங்கிய கதையைத் தள்ளிவைத்து, யாரும் பேசாத ஒன்றை எடுத்து இதில்தான் இவர் மாறுகிறார் என்று சொல்வோமில்லையா, அந்த அர்த்தத்தில் சொல்கிறேன்.

முதலில் இயோவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1999இல் பிறந்தவர். 2018இல் வியட்நாம் ஓப்பன் பட்டம், இறுதியில் சீனாவின் ஹான் யுவேயை வென்று. 2019 ஆகஸ்டில் ஹைதராபாத் ஓப்பன் பட்டம், அதே மாதம் பாஸலில் காலிறுதி. 2021இல் ஜெர்மனியில் ஹைலோ ஓப்பன் இறுதிவரை போய்த் தாய்லாந்தின் புசானனிடம் தோல்வி. 2022 பர்மிங்காமில் வெண்கலம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்ஸ். டோக்கியோவில் பிரிவுச் சுற்றிலேயே தென்கொரியாவின் கிம் கா-யுன்னிடம் தோற்று வெளியேறினார். பாரிஸில் கடைசிப் பதினாறு பேரில் ஒருவராக வந்து ஜப்பானின் ஆயா ஒஹோரியிடம் தோற்றார்.

இதை ஒரு பத்தியில் அடக்கிவிட முடிகிறது என்பதுதான் சிக்கலே. பட்டியலாகப் பார்த்தால், நல்ல ஆட்டக்காரர், உச்சத்தைத் தொடவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். உலகத் தரவரிசையும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. கடைசி 52 வாரங்களில் ஒருவர் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளை எடுத்துக் கூட்டுவார்கள். 53ஆவது வாரம் வந்தால் பழைய வெற்றி கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். யமாகுச்சியை வென்றது 2020 முடிவதற்குள் தானாகவே மறைந்துபோகவேண்டிய விஷயம். கொரோனா வந்து கணக்கைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது என்பது வேறு கதை. தரவரிசைக்கு ஞாபகம் ஒரு வருஷம்தான். பார்க்கிறவருக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டாமா?

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுத உட்காரும்போது வருகிற சொற்களைக் கவனியுங்கள். வீரர், வீராங்கனை, களம், வீழ்த்தினார், வாகை சூடினார், மண்ணைக் கவ்வினார். எல்லாமே போர்க்களத்திலிருந்து வந்தவை. வாகை என்பது புறத்திணையில் வெற்றிக்கு உரிய திணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். புறத்திணையில் வேறு என்னென்ன இருக்கின்றன? மதிலைக் காத்து நிற்பவனுக்கு நொச்சி. நேருக்கு நேர் பொருதுவதற்குத் தும்பை. தலைவனை இழந்து செயலற்று நிற்பதற்குக்கூடக் கையறுநிலை என்று ஒரு துறை. இவ்வளவையும் வைத்திருந்த மொழியிலிருந்து விளையாட்டுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது வாகை மட்டும்தான். வெல்லாதவருக்கு "போராடித் தோல்வி" என்று ஒரு தலைப்பு. 11-21, 12-21 என்று தோற்றாலும் அதே தலைப்பு, 19-21, 17-21 என்று தோற்றாலும் அதே தலைப்பு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

சினிமாவும் உதவவில்லை. விளையாட்டில் பெண் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற மூன்று படங்கள் 'இறுதிச்சுற்று', 'கனா', 'பிகில்'. மூன்றுமே எனக்குப் பிடித்துத்தான் பார்த்தேன், தியேட்டரில் கைதட்டவும் செய்தேன். ஆனால் யோசித்தால் மூன்றிலும் பெண் ஆடுவது ஓர் ஆணின் காயத்தை ஆற்றுவதற்காக. ஒன்றில் பயிற்சியாளர், இன்னொன்றில் அப்பா, மூன்றாவதில் தானே ஆடமுடியாமல் போன நாயகன். மூன்றும் கடைசி ஆட்டத்தின் வெற்றியோடு முடிகின்றன. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் காலையில் எழுந்து, வேறொரு நாட்டில், காலியான அரங்கத்தில், முதல் சுற்று ஆடப்போகிறாள் என்பதற்கு எந்தப் படத்திலும் இடமில்லை. தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கையில் முக்கால்வாசி அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான்.

2019 ஆகஸ்டுக்கு வருவோம். அந்த மாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஹைதராபாத் ஓப்பன், சூப்பர் 100 வகைப் போட்டி. உலகச் சுற்றின் படிக்கட்டில் கீழ்ப்படி. மொத்தப் பரிசுத்தொகை 75,000 அமெரிக்க டாலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு அதில் ஏழரை சதவீதம், அதாவது 5,625 டாலர். பயிற்சியாளர், விமானச்சீட்டு, ஹோட்டல் எல்லாம் எண்ணிப்பார்த்தால் பெரிய தொகை இல்லை. அதன் இறுதியில் இயோவுக்கு எதிரில் நின்றது பதினேழு வயதுப் பெண். முதல் செட்டை இயோ 12-21 என்று இழக்கிறார். அடுத்தது 21-17. மூன்றாவது 21-19. எதிரில் நின்ற அந்தப் பெண்ணின் பெயர் ஆன் சே-யங். ஐந்து வருடம் கழித்துப் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்தவர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஆன் சே-யங்.

இதை வைத்துக்கொண்டு "அன்றைக்கே ஆனை வென்றவர்" என்று கொடி பிடிக்கலாம். நான் பிடிக்கமாட்டேன். பதினேழு வயது ஆனை நிறையப் பேர் வென்றிருப்பார்கள். என் கவனம் ஸ்கோரில் இருக்கிறது. 12இல் விழுந்தவர் திரும்ப எழுந்து, மூன்றாவது செட்டில் 19வரை இழுத்துக்கொண்டு வந்த எதிராளியைத் தாண்டுகிறார். இரண்டு வாரத்துக்குள் பாஸலில் யமாகுச்சி. அங்கே இழுபறியே இல்லை. யமாகுச்சி உயரம் குறைவானவர், எந்தப் பந்தையும் எடுத்துவிடுபவர், எதிராளியைப் பொறுமை இழக்கவைத்தே ஜெயிப்பவர். அன்றைக்கு இயோ பொறுமை இழக்கவில்லை. அதன்பின் காலிறுதியில் தாய்லாந்தின் ரட்சனோக்கிடம் போய் இரண்டு செட்டில் முடிந்துவிட்டது. அந்த உலகப் போட்டியை யார் வென்றது என்று உங்களுக்குத் தெரியும். நொஸோமி ஒகுஹாராவை 21-7, 21-7 என்று 38 நிமிடத்தில் முடித்துவிட்டு இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார் சிந்து. அந்த வாரம் லிட்டில் இந்தியாவில் யாரிடம் பாஸல் என்று சொன்னாலும் சிந்துதான் ஞாபகம் வந்திருப்பார். இயோவின் காலிறுதி அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது.

இப்போது குறையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் எழுதினால் பாராட்டுரை ஆகிவிடும்.

இயோவின் தோல்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும். ஜெயிக்கும்போது யாரை வேண்டுமானாலும் ஜெயிக்கிறார். தோற்கும்போது மடமடவென்று தோற்கிறார். ஹைலோ இறுதி அப்படி, டோக்கியோ அப்படி. ஏதோ ஒரு கட்டத்தில் நாலைந்து புள்ளிகள் தொடர்ந்து போகும். அடுத்த இரண்டு ரேலியில் அவசரப்பட்டு கோட்டை ஒட்டி அடிப்பார். வெளியே விழும். அதோடு அந்த செட் போய்விடும். என் கண்ணுக்கு இது திறமைக் குறைவு இல்லை. கால் வேகம் இருக்கிறது, பின்கோட்டிலிருந்து குறுக்கே இறக்குகிற ட்ராப் அழகாக இருக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடுவது என்பது தனியாக ஒரு வித்தை. அது அவரிடம் நெடுநாள் இல்லை.

ஆட்டத்தின் விதியும் இதற்கு ஒரு காரணம். 2006க்கு முன்னால் மகளிர் ஒற்றையரில் 11 புள்ளிதான், சர்வீஸ் போடுபவருக்கு மட்டும்தான் புள்ளி. சர்வீஸ் கையில் இல்லாதபோது ரேலியை இழந்தால் புள்ளி போகும், ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் வரும். அதனால் சரிந்துகொண்டிருப்பவர் சர்வீஸைப் பிடுங்கி, இழந்து, மறுபடி பிடுங்கி, ஸ்கோரை நகரவிடாமல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கலாம். இப்போது 21 புள்ளி, ஒவ்வொரு ரேலிக்கும் யாருக்காவது ஒரு புள்ளி உண்டு. 11 வந்ததும் ஒரு நிமிட இடைவேளை, அவ்வளவுதான். சரிய ஆரம்பித்தால் நிறுத்த நேரமில்லை. ஓர் இறகுப்பந்தின் எடை ஐந்து கிராமைச் சுற்றி. பதினாறு இறகு. ஏசிக் காற்று ஒரு பக்கம் லேசாக வீசினாலே பந்து நகர்ந்துவிடும். மனசு ஒரு அங்குலம் விலகினால் பந்து ஒரு அடி விலகுகிறது.

பர்மிங்காமில் முதலில் கலப்புக் குழுப் போட்டி. அரையிறுதியில் இந்தியாவும் சிங்கப்பூரும். சிந்து இயோவை 21-11, 21-12 என்று வென்றார். மேலே சொன்ன அதே பழக்கம்தான், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு வாரத்துக்குள் ஒற்றையர் அரையிறுதியில் அதே இரண்டு பேர். இந்த முறை 21-19, 21-17. நேரம் 49 நிமிடம்.

இந்த 11, 12 எப்படி 19, 17 ஆனது? ஒரு வாரத்தில் யாரும் புதிதாக ஸ்மாஷ் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. அதே கை, அதே கால். மாறியிருப்பது பின்தங்கியிருக்கும்போது எடுக்கிற முடிவுகள். முன்பு கோட்டை ஒட்டி அடித்து வெளியே போட்ட இடத்தில் இப்போது பந்தை உயர்த்தி நடுவில் தள்ளிவிட்டு இன்னொரு ரேலிக்குத் தயாராகிறார். பார்க்க அழகாக இல்லை. சிந்துவின் உயரம் கிட்டத்தட்ட ஐந்தடி பத்தங்குலம். அவருக்குப் பந்தை உயர்த்திக்கொடுப்பது அறிவுடைமையாகவும் தெரியாது. ஆனாலும் ஸ்கோர் பிரியவில்லை.

உடனே ஒரு எதிர்வாதம் வரும். சிந்துவுக்கு அன்றைக்குக் காலில் அடி. முந்தைய காலிறுதியில் மலேசியாவின் கோ ஜின் வெய்யோடு ஆடும்போதே இடது காலில் வலி வந்துவிட்டது. பிறகு எலும்பில் விரிசல் என்று தெரிந்து அந்த மாதக் கடைசியில் நடந்த உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்தார். அப்படியென்றால் 19உம் 17உம் இயோ சம்பாதித்ததா, சிந்துவின் கால் கொடுத்ததா?

நியாயமான கேள்வி. என் பதில் பாதிப் பதில்தான். கால் கொஞ்சம் கொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடிபட்ட சாம்பியனோடு ஆடுவது நாம் நினைப்பதுபோலச் சுலபம் இல்லை. அவர் ரேலியை நீட்டாமல் சீக்கிரம் முடிக்கப்பார்ப்பார், அதனால் இன்னும் கடுமையாக அடிப்பார். அடுத்த நாள் அதே காலோடு கனடாவின் மிஷெல் லீயை 21-15, 21-13 என்று வென்று தங்கம் வாங்கினார். அதாவது இறுதியைவிட அரையிறுதி நெருக்கமாக இருந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. உலகச் சுற்றுப் போட்டிகளில் அரையிறுதியில் தோற்றவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். காமன்வெல்த்தில் வெண்கலத்துக்கு இன்னொரு ஆட்டம் ஆடியாகவேண்டும். சற்றுமுன் உடைந்த மனசோடு மறுபடி கோர்ட்டுக்குப் போகவேண்டும். இயோ போனார். ஸ்காட்லாந்தின் கிர்ஸ்டி கில்மோரை வென்று பதக்கத்தோடு வந்தார். பழைய இயோவாக இருந்தால் அந்த ஆட்டம் என்னவாகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அந்த அரையிறுதியை நான் பார்த்த இடத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரை எழுதவேண்டும் என்று தோன்றியதே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தேசிய தினத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது, வீவக அடுக்குமாடிகளில் வரிசையாகக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தேக்காவிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோடு வரை நடக்க இடமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் என் அண்ணன் மகளும். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், பள்ளியில் பூப்பந்து ஆடுகிறவள். எவர்சில்வர் டம்ளரில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த நான்கைந்து பேர் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் திரும்பினார்கள். கட்டுமான வேலையில் இருப்பவர்கள், புதுக்கோட்டைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. சிந்து புள்ளி எடுக்கும்போதெல்லாம் அவர்கள் தட்டினார்கள். இயோ எடுக்கும்போது இவள் ஒருத்தி மட்டும் தட்டினாள்.

"ஏம்மா, நீ நம்ம ஆளுக்குத் தட்டலையா?" என்று கேட்டார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"நம்ம ஆளுக்குத்தான் அங்கிள் தட்டுறேன்" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, தத்துவம் இல்லை. ஆனால் 'நம்ம' என்ற சொல் அந்த மேசையில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அவருடைய 'நம்ம'வில் ஹைதராபாத்தைச் சேர்ந்த தெலுங்குப் பெண்ணுக்கு இடம் இருந்தது. இவளுடைய 'நம்ம'வில் சிங்கப்பூர்ச் சீனப் பெண்ணுக்கு இடம் இருந்தது. இரண்டு பேருமே தமிழ் பேசாத ஒருவருக்காகத்தான் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர்களாக இருப்பீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியத்தில் சிங்கப்பூர் ஓப்பன் நடக்கும்போது 2010இல் சாய்னா பட்டம் வென்றார், 2022 ஜூலையில் சீனாவின் வாங் ஸி-யியை வென்று சிந்து பட்டம் வாங்கினார். இரண்டு முறையும் அரங்கத்தில் இந்தியக் கொடி நிறையப் பறந்தது. அதில் தப்பில்லை. சொந்த ஊர்ப் பெண்ணுக்கு அதே தொண்டையோடு ஏன் கத்துவதில்லை என்பதுதான் என் கேள்வி. அவர் ஜெயிக்காததாலா, நம்முடைய ஆள் இல்லை என்பதாலா? இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஜெயித்தால் யாரும் நம்ம ஆள்.

இதன் மறுபக்கத்தை எல்லைக்கு அப்பால் பார்த்துவிட்டோம். கிசோனா செல்வதுரை. சிரம்பானைச் சேர்ந்த தமிழ்ப் பெண், மலேசியாவின் மகளிர் ஒற்றையர் ஆட்டக்காரர். 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். அப்போது அவர் நாட்டின் மகள். 2021 அக்டோபரில் பின்லாந்தில் சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் ஜப்பானிடம் மலேசியா தோற்றது. கிசோனாவுக்கு எதிரில் நின்றது யார் தெரியுமா? அதே அகானே யமாகுச்சி. உலகில் பெரும்பாலோர் யாரிடம் தோற்பார்களோ அவரிடம் கிசோனாவும் தோற்றார். உடனே மலேசிய அரசியல் கட்சி ஒன்றின் வட்டாரப் பொறுப்பாளர், இந்தக் 'கெலிங்' பெண்ணை எங்கிருந்து பிடித்தார்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். கண்டனம் கிளம்பியது, அமைச்சர்வரை பேசினார்கள், அவர் பொறுப்பிலிருந்து விலகினார். செய்தி முடிந்தது.

யமாகுச்சியை வென்றால் ஒரு பெண் தேசத்தின் பெருமை, யமாகுச்சியிடம் தோற்றால் இன்னொரு பெண்ணுக்கு அவள் எந்த இனம் என்று ஞாபகப்படுத்தப்படுகிறது. கிசோனாவுக்காக இங்கே சிராங்கூன் ரோட்டில் நமக்கு வந்த கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது என்று நினைக்கிறேன். தோற்ற தமிழ்ப் பெண்ணை அந்நியமாக்காதே என்று கேட்கும் நாம், தோற்கிற சீனப் பெண்ணை நம்முடையவளாகப் பார்க்கப் பழகியிருக்கிறோமா?

சிங்கப்பூரின் பூப்பந்து வரலாறே 'நம்ம' என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிய கதைதான். நால்வர் தலைமுறை தாண்டிய பெருமை ஒன்று உண்டு. வோங் பெங் சூன் 1950, 51, 52, 55 என்று நான்கு முறை ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். அந்தக் காலத்தில் தாமஸ் கிண்ணத்துக்கு ஆடியது மலாயா என்ற பெயரில். 1952இல் கில்மார்ட் ரோட்டில் கட்டிய பூப்பந்து அரங்கத்தில்தான் 1962 இணைப்பு வாக்கெடுப்பின் முடிவையும் அறிவித்தார்கள். இந்த ஊர் யாரோடு சேர்ந்தது என்று முடிவு சொன்னது ஒரு பூப்பந்துத் திடலில் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பிறகு நீண்ட வறட்சி. 1993இலிருந்து வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டம். மகளிர் ஒற்றையரில் 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் தங்கம் வென்ற லி லி சீனாவில் பிறந்தவர். 2011 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற ஃபூ மிங்தியான் அப்படியே. 2021இல் உலகச் சாம்பியன் ஆன லோ கியன் இயூ பினாங்கில் பிறந்து சிறுவயதில் இங்கே படிக்க வந்தவர். வந்தவர்களைக் கொண்டாடிய ஊர்தான் இது. நம் தாத்தாக்களும் வந்தவர்கள்தான்.

இயோவின் நிலை இந்த வரிசையில் வேறு. இங்கேயே வளர்ந்தவர். அதனால் அவருக்குப் பின்னால் சீனாவின் மாகாண அணிகளில் இருப்பதுபோல நூறு பேர் வரிசையில் இல்லை. தினசரிப் பயிற்சியில் எதிரில் நின்று அவரைத் தோற்கடிக்க ஒரு ஆன் சே-யங் கிடையாது. டியூஷன், தேர்வு, தொடக்கக் கல்லூரி என்று பெற்றோர் போடுகிற கணக்கில் பூப்பந்து ஒரு இணைப்பாட நடவடிக்கை. நம் வீட்டுப் பெண்களும் ஆடுகிறார்கள், உயர்நிலை நான்கு வந்ததும் மட்டை அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. ஒலிம்பிக் தங்கத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி என்று அறிவித்திருக்கும் ஊர் இது. அதை ஜோசஃப் ஸ்கூலிங் ஒருவர்தான் இதுவரை வாங்கியிருக்கிறார். தங்கத்துக்கு விலை வைத்த ஊரில், தங்கம் வராமலேயே இத்தனை வருஷம் செவ்வாய்க்கிழமை முதல் சுற்று ஆடப்போவதற்கு எது தேவைப்படுகிறது என்று யோசித்துப்பார்க்கிறேன்.

ஒரு சொல் சங்கடமும் உண்டு. நாம் பூப்பந்து என்கிறோம். தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் பலருக்கு அது மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஐந்து பேர் ஆடுகிற வேறு விளையாட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தது. அவர்கள் இதை இறகுப்பந்து என்பார்கள். பக்கத்து மேசைப் புதுக்கோட்டை அண்ணன் 'ஷட்டில்' என்றார். மூன்று பெயரில் எதைச் சொன்னாலும் யூடியூபில் இயோவைப் பற்றித் தமிழில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியது எதுவும் என் கண்ணில் படவில்லை.

பாரிஸில் ஒஹோரியிடம் தோற்ற ஆட்டத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். பர்மிங்காமில் கற்றது அங்கே கைகொடுத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஒஹோரி நிதானமாக ஆடினார், இயோவின் அவசரம் திரும்பி வந்தது. அதே ஒஹோரி காலிறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் போய்த் தோற்றார். மரின் அரையிறுதியில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் போய் அழுதபடி வெளியேறினார். இந்த ஆட்டத்தில் யாருக்கும் எதுவும் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒரு தடவை கற்றது அடுத்த தடவை கையில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மறுபடி கற்கவேண்டும்.

அண்ணன் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். மட்டை அலமாரிக்கு மேலே போகவில்லை, வாரம் ஒருமுறை சமூக மன்றத்தில் கோர்ட் கிடைத்தால் ஆடுகிறாள். கிடைப்பதுதான் பெரும்பாடு, முன்பதிவு திறந்ததும் எல்லாம் காலி. போன மாதம் அவளிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். சிந்துவோடு ஆடின மேட்சா, அதில் முதல் செட் எல்லாரும் பார்ப்பாங்க சித்தப்பா, நீங்க ரெண்டாவது செட்டைப் பத்தி எழுதுங்க என்றாள். முதல் செட்டை 19இல் விட்டுக்கொடுத்த பிறகு, 11, 12 என்று சரிந்துபோகாமல் 17வரை எப்படி வந்தார் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.